ரெண்டாவது சரணத்தோட நிக்கிற பாட்டு

போன வாரம் அடக்கத்துல நம்ம கொயருக்குப் புதுசா வந்த மருமகப் பொண்ணு ஒண்ணு மூணாவது சரணத்த ஆரம்பிச்சிடுச்சி. ஒத்தக் கொரலு. ஒரே ஒரு வார்த்த. மத்தவங்க எல்லாம் வாய மூடிக்கினு நிக்கறாங்கன்னு பாத்துட்டு அதுவும் கப்புன்னு மூடிக்கிச்சி. பின்னால நின்ன ரெண்டு வாலிபப் பசங்க சிரிச்சானுங்க. கல்லறைல இன்னாடா சிரிப்பு உங்களுக்கு?

வெளிய வந்து செருப்ப மாட்டும்போது அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்டுச்சி. "தாத்தா, புஸ்தகத்துல நாலு சரணம் போட்டிருக்கு. எங்க ஊர்ல நாலும் பாடுவோம். இங்க மட்டும் இன்னாத்துக்கு ரெண்டோட கைய எறக்கிடறீங்க?" உங்க லீடர் தம்பி பக்கத்துலதான் நின்னாரு. "நம்ம வழக்கம் அது"ன்னாரு. அவர் மேல தப்பு இல்ல. அவருக்கு முன்ன இருந்தவருக்கும் நான் காரணம் சொல்லல. எங்க கைய எறக்கணும்னு காட்டினேன், அத்தோட சரி.

வழக்கம் ஒண்ணும் மானத்துலேர்ந்து விழல. நான் பண்ண தப்பு அது. எனக்கு எழுதப் படிக்க வராது, சொல்றேன், எழுதத் தெரிஞ்சவங்க எழுதி வெச்சிக்கோங்க. நேராவும் சொல்ல வராது எனக்கு. சுத்திதான் வருவேன். அவசரப்படுத்தாதீங்க.

அப்ப எனக்கு சவுக்குத் தோப்புல மரம் வெட்டற வேல. சதுரங்கப்பட்டினத்துக்குத் தெக்கால கடலோரம் பூரா அன்னிக்கி சவுக்குதான். மரம் சாயறதுக்கு முன்ன கொரல் குடுக்கணும். "விழுதேய்... விழுதேய்..."னு. கீழ சுள்ளி பொறுக்கற பொம்பளைங்க, ஆடு ஓட்டறவங்க எல்லாம் அந்தக் கொரல் கேட்டு ஒதுங்குவாங்க. அந்த வேலைல இன்னொண்ணும் உண்டு. பாதி வெட்டின மரத்த அப்படியே உட்டுட்டு கஞ்சி குடிக்கப் போவக் கூடாது. பாதி வெட்டின மரம் எப்ப, யார் மேல சாயும்னு சொல்ல முடியாது. கை வெச்சா முடிச்சிட்டுதான் நவுரணும். இத்த ஞாபகம் வெச்சிக்கோங்க.

என் கொரல ஒரு நாளு நம்ம வேதக் கோயிலு உபதேசியாரு ரோட்டுலேர்ந்து கேட்டாரு. சைக்கிள நிறுத்திட்டு தோப்புக்குள்ள வந்தாரு.

"உனக்குப் பாட்டு வருமாப்பா?"

"கத்த வரும் அய்யா."

"அது போதும், ஞாயித்துக்கிழமை வா"ன்னாரு.

அப்படி சேந்தவன்தான். அப்ப கொயர்னா வெள்ள அங்கி, மைக்கு ஒண்ணும் கெடையாது. முப்பது பேரு. மீன் புடிக்கிறவங்க, உப்பளத்துல வேல செய்யறவங்க, ஒரு டைலரு. கல்பாக்கத்துல கட்டடம் எழும்பிக்கினு இருந்துச்சே, அங்க சித்தாளு வேலைக்கிப் போற பொண்ணுங்க நாலு பேரு. பதினாறு வயசுப் புள்ளையும் உண்டு, அறுவது வயசுக் கெயவனும் உண்டு. புஸ்தகம் படிக்கத் தெரிஞ்சவங்கள எண்ணினா ஒரு கை வெரல் மிச்சம். அதனால ஒருத்தன் அடி எடுத்துக் குடுக்கணும். அவன் முன்னால அந்த வரிய சொல்லணும், முப்பது பேரும் அத்தப் புடிச்சிக்கினு பாடணும். நான் தப்பா சொன்னா முப்பது பேரும் தப்பாவே பாடுவாங்க. சந்தேகமே படமாட்டாங்க. இப்ப உங்க கைல போன் கீது, வார்த்த அதுல வருது, தப்புன்னா தெரிஞ்சிடும். எங்க காலத்துல அடி எடுத்துக் குடுக்கறவன் வாயி எங்க போவுதோ அங்க எல்லாரும் போவாங்க. அது எவ்ளோ பெரிய பாரம்னு எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சிது.

எங்களுக்குப் பாட்டு பழக்குனது செங்கல்பட்டுலேர்ந்து வந்த ஒரு நர்சம்மா. என்னை விட பத்து வயசு சின்னது. சனிக்கிழமை டூட்டி முடிஞ்சதும் பஸ் ஏறி வரும், தலைவலி மாத்திர போட்டுக்கினு நிக்கும். மேல் கொரல் ஒரு பக்கம், கீழ் கொரல் ஒரு பக்கம்னு எங்கள ரெண்டாப் பிரிச்சி, ரெண்டும் சேந்தா எப்படி இருக்கும்னு மொத மொத காட்டினது அதுதான். சேந்த அன்னிக்கி டைலரு அழுதுட்டான். வாயி மட்டும் பொல்லாத வாயி. என்னைப் பாத்து, "அண்ணே, மரம் இங்க யாரும் வெட்டல. கொஞ்சம் மெதுவா"ன்னும்.

செங்கல்பட்டுல ஒரு பாட்டுப் போட்டி. பந்தலு, நாற்காலி, மாலை போட்ட பெரிய மனுசங்க. நாங்க ரெண்டாவது பாட்டு பாடிக்கினு கீறோம், பந்தலுக்குள்ள ஒரு மாடு பூந்துடுச்சி. எவனோ பயந்து கொடையத் தொறந்தான், அத்தப் பாத்து மாடு மெரண்டுது. நாற்காலி எல்லாம் மல்லாந்துச்சி. எங்க ஆளுங்க பாதிப் பேரு பாட்ட உட்டுட்டு சிரிச்சிட்டாங்க, பாதிப் பேரு எங்க கீறோம்னே தெரியாம முழிச்சாங்க. பாட்டு செத்துப்போச்சி.

நர்சம்மா திரும்பி வர பஸ்ல, திருக்கழுக்குன்றம் தாண்டினப்புறம் எழுந்து நின்னு கம்பியப் புடிச்சிக்கினு, "மாடு வந்துதே, உங்களப் பாத்து அது நின்னுச்சா? அது பாட்டுக்கு வந்த வேலைய முடிச்சிட்டுப் போச்சி. மாட்டுக்கு இருக்கற ஒழுங்கு உங்களுக்கு இல்ல"ன்னுச்சி.

அப்பலேர்ந்து அதான் சட்டம். என் கை எறங்கற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாது. நர்சம்மா வேணும்னே நடுவுல எவர்சில்வர் தட்டத் தூக்கிப் போடும், சாமுவ உட்டு தும்மச் சொல்லும். யாரும் நிறுத்தக் கூடாது. மூணு மாசம் இதேதான். கடைசில கோயிலு ஓடு பேந்து விழுந்தாலும் எங்க பாட்டு நிக்காது. அதுல எனக்கு ஒரே பெருமை.

சாமுன்னேனே, அவனச் சொல்லணும். சாமுவேலு. குப்பத்துல கட்டுமரத்துல போறவன், இருவத்தாறு வயசு. கீழ் கொரலுக்குத் தூணே அவன்தான். கடைசி வரிசைல ஓரமா நிப்பான். நான் ரொம்ப மேல எடுத்துட்டன்னா தொண்டையக் கனைப்பான், பாருங்க, அதுல எனக்குப் புரிஞ்சிடும். "அண்ணாத்த, அந்த ஒசரத்துக்கு ஏணி வெச்சாத்தான் நாங்க ஏற முடியும்"னு சிரிப்பான். அவன் பொஞ்சாதி எஸ்தரு. மொத வரிசைல, மேல் கொரல்ல, எனக்கு நேர் எதுருல நிக்கும். கண்ணாலம் ஆயி ரெண்டு வருசம்.

இன்னும் ஒண்ணு சொல்லிட்டு அந்த நாளுக்கு வரேன். குப்பத்துல யாரு வூட்டுல சாவுன்னாலும், இந்துவா இருந்தாலும் கிறிஸ்துவங்களா இருந்தாலும், அன்னிக்கி எவனும் கடல்ல இருக்கக் கூடாது. பொணத்த எடுக்கற வரைக்கும் எல்லாக் கட்டுமரமும் கரைல கெடக்கணும். இந்து வூடுன்னா பறை சத்தம் கேட்டு வந்துடுவாங்க. நம்ம வூடுன்னா நம்ம அடக்கப் பாட்டு. அந்தப் பாட்டு. கோயிலு கடலுக்கு ஒட்டி இருந்துதுல்ல, அலைக்கு அந்தாண்ட இருக்கறவனுக்கு கேட்டுச்சின்னா அவன் துடுப்ப நட்டமாத் தூக்குவான். அவனுக்கு அந்தாண்ட இருக்கறவன் அத்தப் பாத்துட்டு அவனும் தூக்குவான். அப்படியே போவும். கொஞ்ச நேரத்துல எல்லாரும் கரைக்குத் திரும்பிடுவாங்க. யாரும் யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்ல. அப்படித்தான்.

ஒருவாட்டி ஒரு கெயவரு போயிட்டாருன்னு யாரோ சொல்ல, நாங்க போயி வாசல்ல நின்னு அந்தப் பாட்ட எடுத்துட்டோம். உள்ளேர்ந்து அவரே எழுந்து வந்தாரு. "இன்னாடா, என்னை அனுப்பறதுக்கு இவ்ளோ அவசரம்? கஞ்சியாவது குடிச்சிட்டுப் போறேனே"ன்னாரு. கடல்லேர்ந்து நாலு கட்டுமரம் வேற திரும்பி வந்துடுச்சி. வந்தவனுங்க எங்கள வாய்க்கு வந்தபடி திட்டினானுங்க. நாங்க வவுறு வலிக்க சிரிச்சோம். சாமுதான் ரொம்ப சிரிச்சான். மொகத்தப் பாக்காம பாட்டு எடுக்கக் கூடாதுன்னு அன்னிக்கே ஆண்டவன் எனக்குச் சொல்லிட்டாரு. நான் அத்தத் தமாசா எடுத்துக்கினேன்.

ஐப்பசி கடைசி. அந்த மாசத்துல கடல் தண்ணி தெக்க இழுக்கும். காலைல மானம் வெளுப்பாதான் இருந்துச்சி. சாமுவும் எஸ்தரோட தம்பியும் ஒரே கட்டுமரத்துல போனாங்க. உச்சி நேரத்துக்கு மேல ஒரு காத்து அடிச்சிது பாருங்க, தோப்புல நாங்க வெட்டாத மரமே ரெண்டு சாஞ்சிது. ஒரு மணி நேரம் அடிச்சிட்டு அடியோட அடங்கிப்போச்சி. ஒரு எல கூட ஆடல.

எஸ்தரு தம்பி நீந்தி கரை ஏறினான். ஒடம்பெல்லாம் கீறலு. கட்டுமரத்துக் கட்டு அறுந்து கட்டைங்க பிரிஞ்சிடுச்சின்னான். "மாமா ஒரு கட்டையப் புடிச்சிக்கினுதான் கீறாரு. நான் பாத்தேன். கைய ஆட்டினாரு. என்னைப் போவச் சொன்னாரு."

குப்பத்துக்குத் தலைவரு நாட்டாரு, ஒரு நிமிசம் நிக்கல. பத்து கட்டுமரத்தத் தள்ளிக்கினு அவரும் ஏறிப் போயிட்டாரு. நான் தோப்புலேர்ந்து ஓடியாரும்போது கரை பூரா ஜனம். கொயருல பாதிப் பேரு அங்கயே இருந்தாங்க, மீதிப் பேரும் ஓடியாந்துட்டாங்க. பொம்பளைங்க மாருல அடிச்சிக்கினு அழறாங்க. ஒருத்தரு அழுதா பத்து பேரு அழறாங்க. எஸ்தரு மட்டும் அழல. "கைய ஆட்டினாரு"ன்னு தம்பி சொன்னத்தையே சொல்லிக்கினு இருந்துச்சி.

உபதேசியாரு வயசானவரு. "எதனா பாடுங்கப்பா. ஜனங்க மனசு உட்டுடப் போறாங்க"ன்னாரு. சொன்னது நியாயந்தான். நான் கொயர நிக்க வெச்சேன். ஜனங்க மேட்டுப் பக்கம் முட்டி போட்டுக்கினு கண்ண மூடிக்கினு கீறாங்க. கொயரு அவங்களப் பாத்து நிக்குது, முதுவு கடலுக்கு. நான் கொயரப் பாத்து நிக்கறேன். ஆவ, கடலு என் கண்ணுக்கு மட்டும்தான் நேரா இருந்துச்சி. இத்த நல்லா மனசுல வாங்கிக்கோங்க. எஸ்தரு எங்க போவறதுன்னு தெரியாம, பழக்கத்துல வந்து மொத வரிசைல அது எடத்துலயே நின்னுக்கிச்சி.

நர்சம்மா புதுசா ஒரு பாட்டு பழக்கிக்கினு இருந்துச்சி, புயல்ல படவு தத்தளிக்கறத்தப் பத்தி. ரெண்டு கொரலும் மாறி மாறி வரும். அத்தத்தான் மொதல்ல எடுத்தேன். சரியான பாட்டு அது, அந்த நேரத்துக்கு. ஆனா கீழ் கொரலு வர வேண்டிய எடத்துல வரல. எப்படி வரும்? அத்தத் தாங்கறவன் கடல்ல கீறான். பின் வரிசைல ஒருத்தன் ஒரு பக்கம் போறான், இன்னொருத்தன் இன்னொரு பக்கம் போறான். சித்தாளுப் பொண்ணுங்க விக்கி விக்கி அழுதுதுங்க. பாட்டு அறுந்து தொங்குது. முட்டி போட்டிருந்த ஜனங்க நிமிந்து பாக்கறாங்க. அழுவ திரும்பவும் கெளம்புது.

எனக்குப் பதட்டமாயிடுச்சி. பாட்டு நிக்கக் கூடாது, அது ஒண்ணுதான் மண்டைல. புஸ்தகம் இல்லாம, கீழ் கொரலு இல்லாம, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் முப்பது பேரும் ஒரே மூச்சா பாடற பாட்டு எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சி. அதிகமா பாடினது எது? சாவுக்குப் பாடினதுதான். என் வாயி அத்த எடுத்துடுச்சி. நான் எடுத்தேன்னு சொல்லணும். வாயி மேல பழி போடக் கூடாது.

எப்படி வந்துச்சி தெரியுமா? அவ்ளோ அழகா வந்துச்சி. காத்து இல்ல. அத்தினி கொரலும் ஒரே கொரலா எழும்பிச்சி. அழுதுக்கினு இருந்தவங்க அடங்கி, திரும்ப கண்ண மூடிக்கினாங்க. நானும், அப்பாடா, புடிச்சிட்டோம்னு நெனச்சேன். மொத சரணத்துல எனக்கு சந்தோசம். அத்த மறைச்சி இன்னா ஆவப்போவுது.

ரெண்டாவது சரணத்துல கண்ணத் தூக்கினேன். அலைக்கு அந்தாண்ட, கிட்டக்க இருந்த கட்டுமரத்துல ஒருத்தன் துடுப்ப நட்டமாத் தூக்கிக்கினு நிக்கறான்.

ஒரு நிமிசம் புரியல. அப்பால தூரத்துல இன்னொரு துடுப்பு எழும்பிச்சி. அதுக்கு அந்தாண்ட இன்னொண்ணு, குச்சி மாதிரி. மொத கட்டுமரம் மூஞ்சியக் கரைக்குத் திருப்பிச்சி.

எனக்குத் தெரிஞ்சிபோச்சி. அந்த எடத்துலயே தெரிஞ்சிபோச்சி. கைய எறக்கி, "விழுதேய்"னு கத்தற அதே வாயால, "திரும்பாதீங்க"ன்னு ஒரு கொரலு குடுத்திருந்தா கிட்டக்க இருந்தவனுக்குக் கேட்டிருக்கும். ஆனா பாட்டு நடுவுல கீது. பாதில உட்டா ஜனங்க திரும்பக் கதறுவாங்க. அடக்கப் பாட்டப் பாதில உடறது ஆவாதுன்னு வேற சொல்லுவாங்க. பாதி வெட்டின மரம். முடிச்சிட்டு கத்தலாம், இன்னும் ரெண்டு சரணம்தான்னு நெனச்சேன். மூணாவது அடி எடுத்துக் குடுத்தேன். கொயரு பூரா அத்தப் புடிச்சிக்கிச்சி, சந்தேகமே படாம.

எஸ்தரு பாடல. மொதல்லேர்ந்தே வாயத் தொறக்கல. என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்துச்சி. என் கண்ணு எங்க போவுதுன்னு பாத்துட்டு மெதுவா திரும்பி கடலப் பாத்துது. திரும்ப என்னைப் பாத்துது. நாலாவது சரணம் முடியற வரைக்கும் அது அப்படியே நின்னுச்சி, நானும் பாடி முடிச்சேன்.

அப்பால ஓடினேன். இடுப்பளவு தண்ணில எறங்கிக் கத்தினேன். எல்லாம் வந்துடுச்சி. நாட்டாரு மொத ஆளா குதிச்சி, "எங்கப்பா ஒதுங்கிச்சி? ஒடம்பு எங்க?"ன்னாரு.

"ஒடம்பு ஒண்ணும் ஒதுங்கல நாட்டாரே."

"அப்ப இன்னாத்துக்குடா பாடுனீங்க?"

நல்லா வர்ற பாட்டு அதான்னு சொல்லவா?

கடைசியா வந்த கட்டுமரத்துல இருந்தவன் மண்ணுல குந்திட்டான். "தெக்க கருப்பா ஒண்ணு தெரிஞ்சிது நாட்டாரே. கட்டையா, ஆளான்னு பாக்கப் போய்க்கினு இருந்தோம். அப்பதான் துடுப்பு தூக்கினாங்க"ன்னான்.

"திரும்பிப் போவலாம்"னு நான் கெஞ்சினேன். நாட்டாரு மேக்க கையக் காட்டினாரு. "பொழுதப் பாரு. அலை தாண்டறதுக்குள்ள இருட்டிடும். இன்னும் ரெண்டு பேர அனுப்பி, நாளைக்கி அவனுங்களுக்கும் பாடப் போறியா?" அப்படிச் சொன்னவரே ரெண்டு கட்டுமரத்தத் தள்ளிப் பாத்தாரு. காத்து அடங்கியும் பொழுது சாயச் சாய கரை அலை ஏறிடுச்சி, ரெண்டையும் தூக்கி எறிஞ்சிது. ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சிது. அத்தோட நிறுத்திட்டாங்க.

காலைல கடப்பாக்கத்துலேர்ந்து ஆளு வந்துச்சி. அந்த ஊர்ப் பழைய கோட்டைக்குத் தெக்க ஒதுங்கி இருந்தான் சாமு. இடுப்பக் கட்டையோட சேத்து வலைக் கயித்தால கட்டிக்கினு இருந்தான். முடிச்சு அவனே போட்டது. கடப்பாக்கத்து ஆளுங்க தூக்கும்போது ஒடம்பு இன்னும் வெறைக்கவே இல்லன்னாங்க. விடியற நேரம் வரைக்கும் உசுரோட இருந்திருப்பான்னு ஒரு கெயவரு சொன்னாரு. சொல்லியிருக்க வேணாம். அவரு மேலயும் தப்பு இல்ல, கேட்டது நான்தான். சதுரங்கப்பட்டினத்துக் கடைக்கார பாயி தன் வேனக் குடுத்தாரு, அதுலதான் கொண்டாந்தோம். பாயி எறங்கும்போது என் தோள்ல கைய வெச்சி, "நீ குந்து, நாங்க தூக்கறோம்"னாரு.

சாயங்காலம் அடக்கம். உபதேசியாரு என்னைப் பாத்தாரு. நான் தலையாட்டினேன், முடியாதுன்னு. கொயரு வரிசையா நிக்குது, கடைசில ஓரமா அவன் எடம் காலியா கீது. யாரும் அதுல நிக்கல. எஸ்தரு பொம்பளைங்க கைய உதறிட்டு வந்து மொத வரிசைல நின்னுச்சி.

"எடுங்கண்ணா"ன்னுச்சி.

"எஸ்தரு, என்னால ஆவாதும்மா."

"ஆவும். நேத்து ஆச்சில்ல." கொரலே எழும்பல அதுக்கு. என் காதுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். "ரெண்டாவது சரணம் வரைக்கும் எடுங்க. அங்க கைய எறக்குங்க. நேத்து நீங்க கடலப் பாத்தத நான் பாத்தேன். எங்க எறக்கியிருக்கணுமோ அங்க எறக்குங்க."

எடுத்தேன். எப்படி எடுத்தேன்னு கேக்காதீங்க. ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் கைய எறக்கினேன். நர்சம்மா பழக்கின கொயராச்சே, எல்லாக் கொரலும் ஒண்ணா நின்னுச்சி. மீதி சரணம் அப்படியே அந்தரத்துல தொங்குது. ஜனங்க ஏன் நின்னுச்சின்னு பாக்கறாங்க. அலைச் சத்தம் மட்டும் கேக்குது. எஸ்தரு தலைய ஆட்டிச்சி. குழில மண்ணு போட்டோம்.

அந்த சனிக்கிழமை நர்சம்மா வந்துச்சி. எல்லாத்தையும் கேட்டுட்டு கோயிலு படில குந்திச்சி. "நிறுத்தக் கூடாதுன்னு மட்டும்தான் அண்ணே சொல்லிக் குடுத்தேன். நிறுத்தவும் சொல்லிக் குடுத்திருக்கணும்"னுச்சி. "உன் தப்பு இல்லம்மா"ன்னு நான் சொன்னேன். அது கேக்கல. அதுக்கப்பால அது வரவே இல்ல. வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க. எங்கன்னு நான் விசாரிக்கல. விசாரிச்சிருக்கணும்.

நான் கொயர உட்டுடறேன்னு உபதேசியாருகிட்ட சொன்னேன். எஸ்தருதான் உடல. ஒரு நாளு தோப்புக்கே வந்துச்சி. "நீங்க போயிட்டா வேற ஒருத்தரு வருவாரு. அவருக்கு எங்க எறக்கறதுன்னு தெரியாது"ன்னுச்சி. அவ்ளோதான். என்னை மன்னிச்சேன்னு அது சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. இருவது வருசத்துக்கு மேல எனக்கு நேர் எதுருல நின்னு பாடிச்சி. ஒவ்வொரு அடக்கத்துலயும் ரெண்டாவது சரணம் முடியறப்ப என் கையப் பாக்கும். எறங்கினதும் கண்ண எடுத்துடும். அதோட அடக்கத்துக்கும் ரெண்டு சரணம்தான் பாடினோம். யாரும் என் கையப் பாக்கல அன்னிக்கி. நானே எறக்கிக்கினேன்.

புள்ளைங்களா, உங்க லீடர் தம்பி நல்லாப் பழக்கறாரு. கொரலு எனக்கிருந்தத விட சுத்தமா கீது உங்களுக்கு. ஆனா நாளைக்கி உங்கள்ல ஒருத்தரு முன்னால நின்னு எடுக்க வேண்டி வரும். ஆஸ்பத்திரி வாசலோ, ரோட்டுல அடிபட்ட எடமோ, எங்கயோ. எல்லாரும் அழுவாங்க, எதனா பாடுன்னு சொல்லுவாங்க. வாய்க்கு நல்லா வர்ற பாட்டு ஒண்ணு தயாரா நிக்கும். அத்த எடுக்கறதுக்கு முன்ன, யாரெல்லாம் அந்தப் பாட்டக் கேப்பாங்க, கேட்டா இன்னா செய்வாங்கன்னு ஒரு மூச்சு நேரம் யோசிங்க. பாட்டு அறுந்து தொங்கினா தொங்கட்டும். அசிங்கமா இருந்தா இருக்கட்டும். எடுத்தப்புறம் தப்புன்னு தெரிஞ்சா அந்த எடத்துலயே கைய எறக்குங்க. சரணம் முடியட்டும்னு நிக்காதீங்க.

அம்மாடி, கேட்டியே, உனக்குத்தான் சொல்றேன். அவனுங்க சிரிச்சானுங்கன்னு வெக்கப்படாத. உன் மேல தப்பு இல்ல. இத்தினி வருசமா மூணாவது சரணத்த இந்த ஊர்ல யாரும் வாயால எடுத்ததில்ல. அந்த ரெண்டு சரணமும் எனக்கு இன்னும் மனப்பாடமா கீது, எழுத்து தெரியாதவனுக்கு மறதியும் வராது போல. ஆனா வாயத் தொறந்து சொன்னதில்ல. போன வாரம் நீ அந்த மொத வார்த்தைய சொன்னப்ப நான் பின்னால நாற்காலில குந்திக்கினு இருந்தேன். கல்லறைலேர்ந்து கடலு தெரியாது, நடுவுல இப்ப வூடுங்க வந்துடுச்சி. ஆனா எனக்குத் தெரிஞ்சிது. பத்து கட்டுமரமும் திரும்பி வந்துகினு இருந்துச்சி.